பீரோவிலிருந்து அடுத்த வண்டி

ஒரே ஒரு சாயங்காலம் போடப்போகிற நாடகத்துக்கு எதற்கு மூன்று மாத ஒத்திகை?

பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ ஒரு நாடகத்தைப் பற்றி ஒருவர் இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு, கால் போன போக்கில் சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. பதில் தெரியாத கேள்விகள் ஏற்கெனவே நிறைய இருந்தன. இதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டு டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மைக் அக்காவின் கதையை முழுதாகக் கேட்டது அதற்கப்புறம்தான். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இப்போதும் வராது. அதனால் கதையையே சொல்லிவிடுகிறேன்.

மைக் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். இரும்புப் படிக்கட்டு ஏறிப்போனால் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. விசிறி சுற்றினால் அதன் இரைச்சலும் மைக்கில் ஏறிவிடும் என்பதால், அறிவிப்பு வரும்போதெல்லாம் அக்கா விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பேசுவார். பயணிகள் காதுக்குக் குளுகுளுவென்று போய்ச் சேருகிற அந்தக் குரலுக்குப் பின்னால் ஒருவர் வியர்த்து வழிந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. முகமும் தெரியாது. கடையில் போய் "ஒரு சோப்பு குடுங்க" என்றால் போதும், கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார். "நீங்க… மூணாம் மேடை?" என்பார். அக்கா தலையாட்டுவார். "நான் வேற மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்பார் கடைக்காரர். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று ஒருவரும் சொன்னதில்லை.

அறிவிப்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. போகிற இடத்தை முதலில் சொல்ல வேண்டும், வழியில் வருகிற இடங்கள் பிறகு. எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். "துறைமுகம் செல்லும் பேருந்து, பாலம், சந்தை, கலங்கரை விளக்கம் வழியாக, மூன்றாம் மேடையிலிருந்து புறப்படும்." மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடியும் "துறைமுகம் செல்லும் பேருந்து…" வருடக்கணக்காக இப்படியே பேசிப் பேசி, அந்தச் சட்டங்கள் அறையைவிட்டு இறங்கி அக்காவோடு வீட்டுக்கே வந்துவிட்டன.

"சாப்பாடு ரெடி. சாப்பாடு ரெடி."

"ஒரு தடவை சொன்னா போதாதா? நான் என்ன அம்பது பேரா?" என்பார் அவர் கணவர்.

கணவர் டிரைவர். அந்தத் துறைமுகம் வண்டியே அவர் ஓட்டுவதுதான். சாயங்காலம் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏழே முக்காலுக்குக் கிளம்பினால், காலையில்தான் வீடு. அவர் வந்து படுத்துத் தூங்கி எழுவதற்குள் அக்கா வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரே வீட்டில் குடியிருந்தும் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது ஒலிபெருக்கி வழியாகத்தான். டிரைவர் நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பும்போது ஹாரனை இரண்டு தடவை அடிப்பார். ஒன்று குட்டை, ஒன்று நீளம். லேசாகத் தொண்டை கட்டின ஹாரன் அது. வேறு எந்த வண்டிக்கும் அந்தச் சத்தம் கிடையாது. கேட்டதும் அக்காவின் கை தானாகவே விசிறியை அணைக்கும், வாய் தானாகவே "பயணிகளின் அன்பான கவனத்திற்கு" என்று ஆரம்பிக்கும். வண்டி வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததுகூடக் கிடையாது. இதுதான் அவர்கள் தினமும் சொல்லிக்கொண்ட வணக்கம்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை. அவர் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வராது. ஜோக் சொல்ல ஆசைப்படுவார், சொல்லவும் செய்வார், ஆனால் அதிலும் அறிவிப்புச் சட்டம் புகுந்துவிடும்.

"இதைக் கேளுங்க. கடைசியில குடை அவன் கையிலேயேதான் இருந்துதாம். காலையில ஒரு ஆளு குடையைக் காணோம்னு தேட ஆரம்பிச்சானாம்…"

"அதான் கிடைச்சுடுச்சே, அப்புறம் என்னத்தைத் தேடறது?" என்று டிரைவர் புரண்டு படுப்பார். "உனக்கு எல்லாமே போற ஊரு முதல்ல, வழி அப்புறம். சிரிப்பு உனக்கு வராது, விட்டுடு மைக்கு."

கோபமாகச் சொல்வதில்லை, பிரியமாகத்தான் சொல்வார். அந்தப் பிரியம்தான் அக்காவுக்கு அதிகமாகச் சுருக்கென்றது. ஒரு நாள் சொல்லிவிட்டார்: "ஒரு நாள் என் மூஞ்சியப் பார்த்து நீங்க வாய்விட்டுச் சிரிக்கத்தான் போறீங்க. பாருங்க." இதையும் இரண்டு தடவை சொன்னார்.

அந்த வருஷம் பணிமனைக்கு வெள்ளிவிழா வந்தது. நிலையத்தை ஒட்டித்தான் பணிமனை. பழுதுபார்க்கிற பெரிய கொட்டகையில், பணியாளர்களே ஒரு நாடகம் போடுவது என்று முடிவானது. ஒரே ஒரு தடவைதான். மறுநாள் காலையில் கொட்டகைக்குள் பேருந்துகள் திரும்பி வந்தாக வேண்டும்.

நாடகத்தைக் கொண்டுவந்தவர் அலுவலக கிளார்க் சார். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டு நகைச்சுவை நாடகம். அட்டை கிழிந்துபோய், எழுதியவர் பெயர்கூட இல்லாதது. சும்மா சுற்றுகிற ஓர் இளைஞன், வெளிநாட்டிலிருக்கும் பணக்கார அத்தையின் மாளிகையில் குடியிருக்கிறான். அத்தைக்குப் பிடிக்குமே என்று, தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கடிதத்தில் பொய் எழுதியிருக்கிறான். திடீரென்று அத்தை வந்து இறங்குகிறாள். அவன் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியை ஒரு நாளைக்குத் தன் மனைவியாக இரவல் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் புகைபோக்கிக்குள் ஒளித்து வைக்கிறான். இவ்வளவுதான் கதை.

இதை நம் ஆட்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவதற்காக, வேலை முடிந்த பிறகு எல்லோரும் கொட்டகையில் டயர்கள்மேல் உட்கார்ந்தார்கள். மாளிகையை இரண்டு அறை வாடகை வீடாக்கினார்கள். குதிரை வண்டி ஸ்கூட்டரானது. பனிப்புயலுக்குப் பதிலாக மழை.

"கதவைத் திறக்கறதுக்குன்னே ஒரு வேலைக்காரன் வரான். அவனை என்ன பண்றது?" என்று கேட்டார் கிளார்க் சார்.

"ரெண்டு ரூம் வீட்டுல கதவு திறக்க வேலைக்காரனா? மச்சான்னு வச்சுக்குங்க சார்" என்றார் கண்டக்டர். "அவன்தான் எப்பவும் சும்மா இருப்பான்."

"புகைபோக்கி?"

அப்போது மெக்கானிக் எழுந்துபோய், கொட்டகை மூலையில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு பீரோவை ஓங்கித் தட்டினார். டங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பீரோ நாடகத்துக்குள் வந்தது அப்படித்தான். ஆள் நுழைவதற்கு அதன் முதுகை வெல்டர் வெட்டிக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரராகக் கண்டக்டர். தொப்பை பீரோவுக்குள் அடங்குமா என்று அளந்து பார்த்த பிறகே வேஷம் கொடுத்தார்கள். இளைஞனாக மெக்கானிக். அத்தை வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கிளார்க் சார் இரும்புப் படிக்கட்டு ஏறிப்போய் மைக் அக்காவைக் கேட்டார்.

"ஏம்மா, உன் குரலைக் கேட்டா நிலையமே ஒரு நிமிஷம் நின்னு கேக்குது. அத்தைக்கு அந்தக் குரல்தான் வேணும்."

"எனக்குச் சிரிப்பு வராது சார்."

"உனக்கு வர வேணாம்மா. பாக்கறவங்களுக்கு வந்தா போதும்."

மறுநாள் காலை வீட்டில் அக்கா கணவரிடம் சொல்லவில்லை, அறிவித்தார். வெள்ளிவிழா நாளில் டியூட்டி மாற்றிக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து, அவர் பார்க்க வேண்டும்; பார்த்துச் சிரிக்க வேண்டும். டிரைவர் சட்டை பொத்தானைக் கழற்றிக்கொண்டே "பார்க்கலாம்" என்றார்.

"எங்கண்ணன் பார்க்கலாம்னு சொன்னா, பார்க்க மாட்டேன்னு அர்த்தம் அண்ணி" என்றாள் அங்கேயே தைத்துக்கொண்டிருந்த நாத்தனார். தையல்காரி. நாடகத்துக்கான உடுப்புகள் எல்லாம் அவள் கையில்தான் இருந்தன.

ஒத்திகை ஆரம்பமானது. பேருந்துக்கு அடியில் இறங்கி வேலை பார்ப்பதற்கான நீளப் பள்ளத்தின்மேல் பலகை போட்டு, அதையே மேடையாக்கினார்கள். கிளார்க் சார் கைவிளக்கோடு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, வசனம் மறந்தவர்களுக்குக் கீழேயிருந்து எடுத்துக்கொடுப்பார். பூமிக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும்.

அவரவர் தொழில் அவரவர் உடம்பைவிட்டுப் போக மறுத்தது. மெக்கானிக் பேச ஒன்றும் இல்லாதபோது குனிந்து நாற்காலிக்கு அடியில் எட்டிப் பார்ப்பார். கண்டக்டர் மேடையில் நடக்கும்போதெல்லாம், மேலே கம்பி இருப்பதுபோல் ஒரு கையைத் தூக்கிக்கொண்டே நடப்பார். "கையை இறக்குய்யா, வீடு எங்கேயும் போகல!" என்று பள்ளத்திலிருந்து சத்தம் வரும்.

அக்காவின் கஷ்டம் ஒரே ஒரு வரியில் இருந்தது. இரண்டாம் அங்கத்தில் அத்தை பீரோவைத் திறக்கிறாள். உள்ளே ஒரு ஆள். "நான் பீரோ ரிப்பேர் பண்ண வந்தேன்" என்கிறான். அத்தை அவனை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும்: "உள்ளேருந்து பூட்டிக்கிட்டா?"

நாடகத்திலேயே பெரிய சிரிப்பு இந்த வரிக்குத்தான் என்று கிளார்க் சார் கணக்குப் போட்டிருந்தார். அக்கா அதைச் சொல்வார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, தெளிவாக, நிலையத்தின் கடைசி மூலைவரை கேட்கும்படி. சொல்லிவிட்டு மூச்சு வாங்கி, இன்னொரு தடவையும் சொல்வார். முதல் தடவைக்கு லேசாக வாய் திறந்தவர்கள்கூட இரண்டாம் தடவைக்கு மூடிக்கொள்வார்கள்.

"வீட்டுக்கு வந்த அத்தை மாதிரி பேசுன்னா, வீடு எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு சொல்ற மாதிரி பேசறியேம்மா!" என்று பள்ளம் புலம்பியது.

"தங்கச்சி, சிரிப்புக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது" என்றார் பீரோவுக்குள்ளிருந்து கண்டக்டர். "ஒரு தடவை போச்சுன்னா போனதுதான்."

அக்கா வீட்டில் சொல்லிப் பார்த்தார். நாத்தனார் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே கண்டக்டரின் வசனங்களைப் படிப்பாள். கண்ணாடி அறையில் மைக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். இரண்டாம் தடவை வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டார், உதடுதான் வலித்தது. வேஷத்தை டைப்பிஸ்ட் பெண்ணுக்குக் கொடுத்துவிடலாமா என்று கிளார்க் சார் யாரிடமோ கேட்டது காதில் விழுந்த அன்று, டீகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

மூன்று மாதம் ஓடிவிட்டது. நாடகத்துக்கு முந்தின நாள் காலையில், வேலை முடிந்து வந்த டிரைவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"டியூட்டி மாத்த முடியல."

அவ்வளவுதான். ஏன், எப்படி, யாரைக் கேட்டார் என்று ஒரு சொல்லும் இல்லை. போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா, "சரி" என்றார்.

தையல் இயந்திரம் நின்றது. நாத்தனார் தலையைத் தூக்கிப் பார்த்தாள். அண்ணி எதையாவது ஒரே ஒரு தடவை மட்டும் சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லை. "போச்சு. அண்ணி ஒரு தடவைதான் சொன்னாங்க" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் கடைசி ஒத்திகை. அக்கா பீரோவைத் திறந்தார். கண்டக்டர், "பீரோ ரிப்பேர் பண்ண வந்தேன்" என்றார். அக்கா அவரைப் பார்த்தார். பார்வையில் காலையிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் இருந்தது. "உள்ளேருந்து பூட்டிக்கிட்டா?" ஒரே தடவை. அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. மெக்கானிக் சிரித்தார். கண்டக்டர் சிரித்ததில் பீரோ ஆடியது. பள்ளத்திலிருந்து கிளார்க் சாரின் கை மட்டும் மேலே வந்து பலகையைத் தட்டியது.

எல்லோருக்கும் சந்தோஷம். அக்காவுக்கு மட்டும் பாதிதான். வரி கைக்கு வந்துவிட்டது. யார் கேட்க வேண்டுமோ அவர் கேட்கப்போவதில்லை.

விழா நாள். கொட்டகை நிறைந்துவிட்டது. பணியாளர்கள், அவர்கள் குடும்பங்கள், வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்து உட்கார்ந்துவிட்ட பயணிகள். அறிவிப்பு அறையிலிருந்த ஒலிபெருக்கிக் கருவியை வயர்மேன் அன்று கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டார். நிலையத்தில் அந்தச் சாயங்காலம் மட்டும் மைக் அறிவிப்பு கிடையாது. வண்டி நேரம் குறிக்கிற டைம்கீப்பர் விசில் ஊதி வாயாலேயே கூவிக்கொள்வதாக ஏற்பாடு. நாடகம் முடியும்வரை நிலையத்துக்குள் எந்த வண்டியும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று எல்லா டிரைவர்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

துறைமுகம் வண்டி வருகிற நேரத்துக்குள் இரண்டாம் அங்கம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேலாளர் பேசினார். மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. பணிமனைக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து ஆரம்பித்தார். "இவரு எக்ஸ்பிரஸ் இல்ல தங்கச்சி, எல்லா ஸ்டாப்புலயும் நிப்பாரு" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து கண்டக்டர்.

ஒரு வழியாக நாடகம் ஆரம்பித்தது. நன்றாகவே போனது. ஸ்கூட்டருக்குச் சிரித்தார்கள், மச்சானுக்குச் சிரித்தார்கள். அத்தையாக அக்கா கையில் குடையும் கைப்பையுமாக உள்ளே வந்தபோது, முதல் வார்த்தையிலேயே கூட்டம் ஆரவாரித்தது. அவ்வளவு நாள் கேட்ட குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது. முன்வரிசையில் நாத்தனார் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அக்கா அந்தப் பக்கமே பார்க்காமல் நடித்தார்.

பீரோவின் முறை வந்தது. டங் என்று திறந்தது. உள்ளே கண்டக்டர்.

"நான் பீரோ ரிப்பேர் பண்ண வந்தேன்."

அக்கா மேலும் கீழுமாகப் பார்த்தார். "உள்ளேருந்து…" என்று ஆரம்பித்தார்.

வெளியே ஒரு ஹாரன். ஒன்று குட்டை, ஒன்று நீளம்.

அக்காவின் இடது கை எழுந்து, காற்றில் இல்லாத விசிறியின் சுவிட்சை அணைத்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு. துறைமுகம் செல்லும் பேருந்து, பாலம், சந்தை, கலங்கரை விளக்கம் வழியாக, மூன்றாம் மேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

மூச்சு வாங்கினார். மறுபடியும் சொன்னார், முழுதாக, ஒரு சொல் குறையாமல்.

பின்வரிசையிலிருந்து ஒரு தம்பதி மூட்டையோடு எழுந்து "நம்ம வண்டி, நம்ம வண்டி!" என்று வெளியே ஓடினார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து கிளார்க் சாரின் குரல், "அய்யய்யோ" என்று மட்டும் கேட்டது. தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. மூன்று மாதம், அந்த ஒரு வரி, எல்லாம் போயிற்று என்று தோன்றியது.

கண்டக்டர் நிலையத்திலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர். வண்டி கிளம்புகிறது என்று கேட்டபின் சும்மா நிற்க அவரால் முடியாது. பீரோவிலிருந்து தொப்பையை வெளியே இழுத்துக்கொண்டு, "வண்டி வந்துடுச்சா அத்தை? அப்போ நான் கிளம்பறேன்!" என்று, கையைக் கம்பி பிடிப்பதுபோல் தூக்கிக்கொண்டு, மேடையைவிட்டே ஓடிவிட்டார்.

கூட்டம் வெடித்தது. ஆனால் நாடகத்தில் அந்த ஆள் ஓடக் கூடாது. அவர் இல்லாமல் அடுத்த வசனமே கிடையாது. மெக்கானிக் திகைத்துப்போய்க் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பள்ளத்திலிருந்து எந்த வார்த்தையும் வரவில்லை. எடுத்துக்கொடுக்க அங்கே எழுதி வைத்தது ஒன்றும் இல்லை. சிரிப்பு மெதுவாக அடங்க ஆரம்பித்தது. மேடையில் திறந்த பீரோ, அதற்கு முன்னால் அக்கா.

அக்கா காலியான பீரோவைப் பார்த்தார். உள்ளே தலையை விட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். தலையை வெளியே எடுத்தார். குடையை ஊன்றிக்கொண்டு நிதானமாக மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, இந்தப் பீரோலேருந்து அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?"

ஒரே தடவை.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். நாத்தனார் சிரித்துச் சிரித்துக் காலி நாற்காலிமேல் சாய்ந்துவிட்டாள். பள்ளத்துக்குள் கைவிளக்கு உருண்ட சத்தம் கேட்டது. அக்கா வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று அவருக்கே தெரிந்தது. அந்தச் சிரிப்புக்கு மேலே, வெளியே மூன்றாம் மேடையிலிருந்து, தொண்டை கட்டின அந்த ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. நீளமாக, விட்டு விட்டு, மனிதன் சிரிக்கிற மாதிரியே.

அதற்குள் கண்டக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, "வண்டில இடமில்ல" என்று சொல்லிவிட்டுத் தானாகவே பீரோவுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாடகம் விட்ட இடத்திலிருந்து மேலே ஓடியது.

முடிந்ததும், தலையெல்லாம் தூசியாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்த கிளார்க் சார் நேராக வயர்மேனைப் பிடித்தார். நாடகம் முழுவதும் கொட்டகையில் மட்டுமல்லாமல், நிலையத்து ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் கேட்டிருக்கிறது என்று டைம்கீப்பர் வந்து சொல்லியிருந்தார். நிலையத்து லைனைக் கழற்ற மறந்துவிட்டாயா என்று சார் கத்தினார்.

"மறக்கல சார்" என்றார் வயர்மேன். பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "அக்கா, அண்ணன்தான் கேட்டாரு. டியூட்டி மாத்தச் சொல்லி ஒவ்வொரு டிரைவரா கெஞ்சிப் பார்த்தாராம். எல்லாரும் நாடகம் பார்க்க வராங்க, யாரு மாத்துவா? அதான், வண்டி மூணாம் மேடையில நிக்கிற நேரத்துலயாவது காதால கேட்டுக்கறேன், லைனை மட்டும் விட்டு வைடான்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு."

"ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமேய்யா?"

"வண்டி உள்ளே திரும்பறப்போ ஸ்பீக்கர்ல அக்கா குரல் கேட்டிருக்கு சார். கை தானா போயிருக்கும்."

அக்கா குடையை மடக்கிக்கொண்டு, நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

காலையில் டிரைவர் வந்தபோது அக்கா அடுப்பில் பாலைக் காய வைத்துக்கொண்டிருந்தார். அவர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"மூணாம் மேடையில வண்டி மொத்தமும் சிரிச்சுது" என்றார் டிரைவர்.

"நீங்க?"

"நான் டிரைவர். வண்டி ஓட்டறப்போ சிரிக்கக் கூடாது."

"வண்டி நின்னுக்கிட்டுத்தானே இருந்துது?"

"அதான் சிரிச்சேன்." செருப்பைக் கழற்றினார். "கிளம்ப லேட்டாயிடுச்சு. டைம்கீப்பர் வந்து ஜன்னல்ல தட்டினாரு. கண்ணுல தண்ணி, ரோடு தெரியல, ஒரு நிமிஷம் இருங்கன்னேன்."

அக்கா பாலை இறக்கி வைத்தார்.

"ஆனா மூஞ்சியப் பார்க்கல" என்றார் டிரைவர். "அதைச் சொன்னப்போ மூஞ்சிய எப்படி வச்சிருந்தே? செஞ்சு காட்டேன்."

"சமையல்கட்டுலயா?"

"ஏன், அலமாரி இருக்கே."

அக்கா கதவு மூலையிலிருந்து குடையை எடுத்தார். அலமாரிக்குள் தலையை விட்டு, பருப்பு டப்பாவுக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, வெளியே வந்து, குடையை ஊன்றித் திரும்பினார். வரியைச் சொன்னார். டிரைவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த அறையில் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த நாத்தனார், "காலங்காத்தால ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, குடையைப் பார்த்ததும் அவளும் ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னொரு தடவை" என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சிரிப்புக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாதாம்" என்றார் அக்கா.

"அறிவிப்புன்னா ரெண்டு தடவை சொல்லணும்."

அக்கா இரண்டாம் தடவையும் சொன்னார். அவர் இரண்டாம் தடவையும் சிரித்தார்.

அதற்கப்புறம் அந்த நாடகத்தை யாரும் மறுபடி போடவில்லை. மறுநாளே கொட்டகைக்குள் பேருந்துகள் வந்துவிட்டன. பலகைகளைப் பிரித்த இடத்தில் பழையபடி பள்ளம். முதுகில்லாத பீரோ இப்போதும் அங்கேதான் இருக்கிறது. அதில் கிரீஸ் டப்பா அடுக்கியிருக்கிறார்கள். டங் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. நானே திறந்து பார்த்தேன். விழாவன்று எடுத்த ஒரே ஒரு புகைப்படம் அக்கா வீட்டில் மாட்டியிருக்கிறது. அதில் அக்கா வாயைத் திறந்துகொண்டு, இடது கையைக் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிறார். இல்லாத விசிறியை நிறுத்தின நேரத்தில் யாரோ சரியாக எடுத்திருக்கிறார்கள். டிரைவரும் அக்காவும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இப்போது ஒரே வீட்டில் நாள் முழுக்க இருப்பதால், பேசிக்கொள்வதைவிடச் சண்டை போட்டுக்கொள்வதுதான் அதிகம் என்று நாத்தனார் சொல்கிறாள். துறைமுகம் வண்டிக்குத் தாமதமானால் மூன்றாம் மேடையில் நிற்கிறவர்களில் யாராவது ஒருவர் இன்றும் கேட்பதுண்டு: "பீரோலேருந்து அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கிருந்து வந்த பேச்சு என்று தெரியாது.

டீக்கடை பெஞ்சில் கேட்ட அந்தக் கேள்வியை அக்காவிடமே கேட்டேன். ஒரு சாயங்காலத்துக்கு எதற்கு மூன்று மாதம்? மூன்று மாதமாகக் கஷ்டப்பட்டுப் படித்த அந்த வரியை அன்றைக்கு முழுதாகச் சொல்லக்கூட முடியவில்லையே?

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அதைப் படிச்சதாலதான் இது வந்துது" என்றார். பிறகு, "அதைப் படிச்சதாலதான் இது வந்துது" என்றார்.

இதைப் படித்தவர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். வண்டிக்குக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்கிறவர் சலித்துப்போய் மணி பார்த்தால், அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரை இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது முடிவு முன்னாடியே வந்துவிட்டாலும் பரவாயில்லை. நானும் அதைத் தலைப்பிலேயே வைத்துவிட்டேன்.